வலி வர மருந்தா, ஆப்பரேசனா: டைப் 1 சர்க்கரையோடு இங்கிலாந்தில் பிரசவம்

கோபியிலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காத வகை) உள்ள பெண்ணுக்கு, வலி வரட்டும் பார்க்கலாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேறு சிக்கல் இல்லாவிட்டாலும் 37 வாரம் நிறைந்ததிலிருந்து 38 வாரம் 6 நாளுக்குள் பிரசவம் முடிந்துவிட வேண்டும் என்பது இங்கே சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் என்று ஏதாவது இருந்தால் அதற்கும் முன்னாலேயே. கடைசி வாரங்களில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோகும் ஆபத்து சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதல் என்பதுதான் காரணம். ஆக, நாள் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நம் கையில் இருப்பது வழி மட்டும்: வலி வரவைப்பதா, ஆப்பரேசனா.

இதை ஊருக்குப் போனில் சொன்னால், "ஏங்கண்ணு, பேசாம ஆப்பரேசனே பண்ணிக்கச் சொல்லு, நல்ல நேரம் நாங்க பாத்துச் சொல்றோம்" என்பார்கள். நம்ம பக்கம் ஜோசியரிடம் கேட்டு நேரம் குறிப்பது சகஜம். இங்கே நடக்காது. அரசு மருத்துவமனை தேதி கொடுக்கும்; கேட்டால் ஒருநாள் முன்னே பின்னே மாற்றித் தரலாம். மணிக்கணக்கு கிடையாது. அவசர கேஸ் ஒன்று வந்தால் காலை எட்டு மணி ஆப்பரேசன் மதியத்துக்குப் போய்விடும். காத்திருக்கும் வயிறு காலி, உடம்பில் இன்சுலின் இருக்கிறது என்பதால் டைப் 1 உள்ளவரை முதல் ஆளாகப் போடச் சொல்லி முன்கூட்டியே கேட்பது நியாயமான கோரிக்கை.

வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குப் போகலாமா என்றால், 28 வாரத்துக்கு மேல் பெரும்பாலான விமானங்களில் டாக்டர் கடிதம் கேட்பார்கள். வளர்ச்சி ஸ்கேன்களும் 28, 32, 36 என்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக அப்போதுதான் தொடங்குகின்றன. போவதென்றால் அதற்கு முன்பே போய்க் கோவையில் ஒரு டாக்டரிடம் சேர்ந்துவிடுவது நல்லது. பாதி இங்கே பாதி அங்கே என்பதுதான் இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு.

இண்டக்‌ஷன் (செயற்கையாக வலி வரவைப்பது) என்றால் ஒரே ஊசியில் முடிகிற வேலை என்று நினைக்கிறவர்கள் அதிகம். முதல் பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் 37 வாரத்தில் கெட்டியாகத்தான் இருக்கும். அதை இளக்க உள்ளே மருந்துப் பட்டை வைத்தால் 24 மணி நேரம். பலூன் வைத்தால் 12 முதல் 24 மணி நேரம். வாய் இளகிய பிறகு பனிக்குடத்தை உடைப்பார்கள், அதன் பிறகு வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் டிரிப். நடுவே பிரசவ அறை காலியாகவில்லை என்று காத்திருப்பும் சேரும். இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகு வாய் திறக்காமல் அவசர ஆப்பரேசனில் முடிவதும் உண்டு. ஆகவே டாக்டரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி: "என் கர்ப்பப்பை வாய் இப்போது எப்படி இருக்கிறது?" முன்பு சுகப்பிரசவம் ஆனவருக்கு இண்டக்‌ஷன் பெரும்பாலும் சீக்கிரம் கூடிவரும்.

இரண்டாவது கேள்வி குழந்தையின் எடை. சர்க்கரை உள்ளவர்களின் குழந்தைக்குத் தோளும் வயிறும் பருத்திருக்கும். தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொள்வதுதான் பயம். ஸ்கேன் எடை 4.5 கிலோவைத் தாண்டினால் ஆப்பரேசன் பற்றிப் பேச்சு வரும். ஆனால் ஸ்கேன் கணக்கு பத்து சதவீதத்துக்கு மேலும் பிசகும். 4 கிலோ என்று எழுதியிருந்தால் பிறப்பது மூன்றரையாகவும் இருக்கலாம். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துக் கத்திக்குச் சம்மதிக்க வேண்டாம். இன்னும் இரண்டு குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒவ்வொரு ஆப்பரேசனும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடிச் சிக்கலைக் கூட்டும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

எந்த வழியானாலும் சர்க்கரையை யார் பார்ப்பது என்பதை 36 வாரத்துக்குள் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பிரசவ வார்டு நர்சுக்குப் பிரசவம் தெரியும், உங்கள் இன்சுலின் பம்பு தெரியாது. வலி பிடித்த பிறகு மணிக்கொரு முறை சோதனை. சர்க்கரை இங்கே உள்ள மில்லிமோல் கணக்கில் 4 முதல் 7 வரை இருக்கவேண்டும், நம்ம ஊர் மில்லிகிராம் கணக்கில் 72 முதல் 126 (இங்கே வரும் எண்ணை 18-ஆல் பெருக்குங்கள்). தாண்டினால் குளுக்கோஸ், இன்சுலின் இரண்டையும் டிரிப்பில் ஏற்றுவார்கள். சாப்பிடாமல் நேரம் நீண்டால் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் அமிலம்) ஏறும், சர்க்கரை அவ்வளவு கூடாமலேயே. ரத்தக் கீட்டோன் 0.6-ஐத் தாண்டினால் உடனே சொல்லுங்கள். குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை எகிறும். இன்சுலினை எவ்வளவு கூட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

ஆப்பரேசன் என்றால் ஆறு மணி நேரம் சாப்பாடு இல்லை, முந்தைய இரவின் நீண்டநேர இன்சுலினைக் குறைக்கச் சொல்வார்கள். சர்க்கரை பார்க்கும் சென்சாரும் பம்பு ஊசியும் வயிற்றில் வேண்டாம், கைக்கோ தொடைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

நஞ்சுக்கொடி வெளியே வந்த நிமிடத்திலிருந்து இன்சுலின் தேவை தடாலென்று இறங்கும். கர்ப்பகால டோஸைப் பழக்க தோஷத்தில் போட்டால் லோ (சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) நிச்சயம். கர்ப்பத்துக்கு முந்தைய டோஸிலும் கால் பங்கு குறைத்து எழுதுவது வழக்கம். அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கணவர் கையில் கொடுத்துவையுங்கள். குழந்தைக்கு அரை மணி நேரத்துக்குள் பால், பிறகு இரண்டு மூன்று மணிக்கொரு முறை. குறைந்தது 24 மணி நேரம் அதன் சர்க்கரையையும் பார்த்துத்தான் விடுவார்கள். 36 வாரத்திலிருந்து சீம்பாலைச் சின்னச் சிரிஞ்சுகளில் பீய்ச்சி உறைய வைத்து எடுத்துப்போனால், குழந்தைக்கு லோ வந்தாலும் பவுடர் பாலைத் தேடவேண்டியதில்லை. பால் கொடுக்கும்போது தாய்க்கும் சர்க்கரை இறங்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு 200 மில்லி ஜூஸ் டப்பா இருக்கட்டும். இங்கே படுக்கையறை மாடியில்தான் இருக்கும். தையலோடு இறங்கி ஏற முடியாது, ஆகவே மேலே ஒன்று கீழே ஒன்று.

பத்தியச் சமையலுக்கு வருகிற அம்மாவிடம் சந்தகைக்கும் அரிசிம்பருப்பு சாதத்துக்கும் அரிசியை அளந்து போடச் சொல்லுங்கள், கார்ப் (மாவுச்சத்து) கணக்கு தப்பாது. கருப்பட்டி போட்ட பிரசவ லேகியத்தைத் தள்ளவேண்டாம், அதற்கும் கணக்கு உண்டு. ஒன்றே ஒன்றை மட்டும் பெட்டியில் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்: ஊர் மருந்துக்கடையில் கிடைக்கும், மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சு. இங்கே கிடைப்பது மில்லிக்கு 100 யூனிட் இன்சுலின். அதை அந்தச் சிரிஞ்சில் இழுத்தால் 10 என்று நினைத்துப் போடுவது 25 ஆகிவிடும்.