எட்டு மணி மாத்திரை

மார்ச் 3
இரவு எண்ணிப் பார்த்தேன். செவலையின் வலிப்பு மாத்திரை 41. காலை ஒன்று, இரவு ஒன்று. இருபது நாளைக்கு வரும்.

மார்ச் 4
தொலைபேசியில் பேசிய அக்கா கனிவானவர்தான். பெண்கள் காப்பகத்தில் இடம் இருக்கிறது, இன்றிரவே வரலாம் என்றார். நாய் ஒன்று உண்டு என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "இங்கே அதற்கு வசதி இல்லையம்மா. யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள்."
குடையென்றால் கொடுத்துவிட்டு வரலாம். செவலையையா?

மார்ச் 5
ஒன்றும் நடக்கவில்லை. நல்ல நாள்.

மார்ச் 7
தடுப்பூசி அட்டையில் உரிமையாளர் என்ற இடத்தில் என் கணவர் பெயர். ஒவ்வொரு வருடமும் ஊசிக்கு அழைத்துப் போனது நான். நாளைக்கு "என் நாய்" என்று அவர் கேட்டு வந்தால் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? மருத்துவரிடம் பெயரை மாற்றித் தரச் சொல்லலாம். சொன்னால் உடனே அவருக்குத் தகவல் போய்விடுமோ?

மார்ச் 8
அவருக்குக் கோபம் என்மேல். உதை செவலைக்கு.
இனி இந்த நோட்டில் "அவர்" கிடையாது.

மார்ச் 9
தூக்கமில்லை. படித்துக்கொண்டிருந்தேன். 2005இல் கத்ரீனா புயலின்போது வளர்ப்புப் பிராணிகளை விட்டு வர மனமில்லாமல் வெள்ளத்திலேயே தங்கிவிட்டவர்கள் பலராம். மறு வருடமே அமெரிக்காவில் சட்டம் வந்தது: மக்களை வெளியேற்றும் திட்டத்தில் பிராணிகளுக்கும் இடம் இருக்க வேண்டும். என்னைப் போல் வீட்டை விட்டு ஓடுகிறவர்களுக்குப் பிராணியோடு தங்க இடம் அமைக்க நிதி என்பது 2018இல்தான், அதுவும் வேளாண் சட்டத்துக்குள் ஓர் ஓரமாக. பயிர்களுக்கு நடுவே நானும் செவலையும்.
மாத்திரை 29.

மார்ச் 11
அக்காவே அழைத்தார், நான் சொல்லியிருந்தபடி பதினொரு மணிக்குமேல். தற்காலிகமாக நாயை வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இருக்கிறதாம். மூன்று மாதம். வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம், கேட்கும்போது திருப்பித் தருவோம் என்று எழுதிக் கையெழுத்திடுவார்களாம். அவர்கள் இருக்குமிடம் எனக்குத் தெரியாது, என் இடம் அவர்களுக்குத் தெரியாது. படங்கள் அக்கா வழியாக வரும், இடத்தைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை நீக்கிய பிறகு. இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? அவருக்கும் அன்று தெரியாதாம். ஒரு வாரம் முழுக்க எனக்காக விசாரித்திருக்கிறார். குடை என்று எழுதியதற்கு வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 12
வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் ஆகிவிட்டது. வலிப்பு வந்தால் வாயில் கை வைக்க வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவரிடம் ஓடுங்கள். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வரும். பன்னிரண்டு மணி நேர இடைவெளி. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும், இழுக்காதீர்கள். ஆண் குரல் உயர்ந்தாலும் அப்படித்தான்.
கடைசி வரியை அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன்.

மார்ச் 13
மூன்று மாதத்தில் மறந்துவிடும். மறக்கட்டும். இல்லை, மறக்கக் கூடாது.

மார்ச் 14
மருத்துவர் ஒன்றும் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தார், புது அட்டையை எடுத்து என் பெயரை எழுதினார். "வீட்டுக்குத் தொலைபேசி செய்யமாட்டோம்" என்று தானாகவே சொன்னார். ஒரு மாத மாத்திரையும் கொடுத்தார். 19ம் 60ம் 79.

மார்ச் 15
கழுத்து மணியைக் கழற்றிவிட்டேன். குளிப்பாட்டுவதற்கு என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் கவனிக்கவே இல்லை.

மார்ச் 17
வந்துவிட்டேன். வண்டியில் ஏறும்போது செவலை திரும்பிப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. எட்டு மணிக்குக் கை தானாக டப்பாவைத் தேடியது. பையில் மணிதான் இருக்கிறது.

மார்ச் 18
படம் வந்தது. தெரியாத தரை, தெரிந்த கால். கீழே: "இரவு 8.00, காலை 8.05." ஐந்து நிமிடம் தாமதம்.

மார்ச் 19
இரவு 9.40. இன்னும் செய்தி வரவில்லை.