சாசரிடம் கொஞ்சம் நிற்கலாம்

திங்கட்கிழமை முதல் முதலாண்டு மாணவர்களுக்குப் பிரிட்டிஷ் இலக்கிய வரலாறு எடுக்கிறேன். ஆயிரம் வருடத்து எழுத்து, கையில் இருப்பதோ ஒரே ஆண்டு. பழைய ஆங்கில வீரகாவியமான பெயோவுல்ஃபைச் சீக்கிரம் கடந்துவிட்டு, ‘கேன்டர்பரி கதைகள்’ எழுதிய பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிடம் நின்றுவிடப் போகிறேன். அந்தக் கதைகளில், 1170இல் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதியைத் தரிசிக்க கேன்டர்பரிக்குப் புறப்பட்டவர்கள் லண்டனை ஒட்டிய சதர்க்கில் ஒரு விடுதியில் கூடுகிறார்கள். போர்வீரர், மாவு மில்காரர், ஐந்து முறை திருமணமான பாத் ஊர்ப்பக்கத்துப் பெண், எல்லோரும் ஒரே கூட்டமாக! அரசவையில் பிரெஞ்சுக்கு மதிப்பு இருந்த காலத்தில், இவர்களை ஆங்கிலத்தில் பேசவைத்தார் மனுஷன். அந்த நூலின் முன்னுரையில் முதல் 18 வரிகளைப் பழைய உச்சரிப்பிலேயே படித்துக் காட்டுவேன். புரியாவிட்டாலும் சரி, முதலில் காதில் விழட்டும். அப்புறம் அர்த்தம் பார்க்கலாம்.