"ஒரிஜினல்தானே?" என்று கேட்டதுதான் தப்பு

போன ஆடி மாதம் என் வீட்டுக்காரருடைய மாணிக்க மோதிரம் பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்தபோது கல்லுக்கு நரை விழுந்திருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கொடுக்கும்போது மாதுளை முத்து போல இருந்த கல், கையில் வாங்கும்போது மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாக இழை ஓடி, சிலந்தி வலையை ஒட்டவைத்த மாதிரி இருந்தது. நான் சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான். அவருக்கு விரல் பருத்துவிட்டது, மோதிரத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தாருங்கள்.

வாங்கிய கடையிலேயேதான் கொடுத்திருந்தேன், அதனால் அங்கேயே போய்ச் சத்தம் போட்டேன். கல்லை மாற்றிவிட்டீர்கள் என்று நான் சொல்ல, மாற்றவே இல்லை மேடம், அதே ஒரிஜினல் கல்தான் என்று அவர்கள் சொல்ல, அரைமணி நேரம் போனது. இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், அவர்கள் சொன்னது பொய்யில்லை.

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் பெரிய பெரிய கடைகளுக்கு நடுவே ஆள் ஒருக்களித்து நுழைகிற சந்துகள் உண்டு. அப்படி ஒரு சந்தில், மாடிப்படி ஏறியதும், எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருடப் பழக்கமுள்ள பத்தர் உட்கார்ந்திருப்பார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அவருக்குப் பேசவும் நேரம் இருந்தது. மோதிரத்தை வாங்கி, லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கல்லு நெசந்தான் தாயி. ஆனா பாதி கல்லு, பாதி கண்ணாடி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. லென்ஸை என்னிடமே கொடுத்துவிட்டார். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது, அப்புறம் கல் தெரிந்தது. உள்ளே உருண்டை உருண்டையாகக் குமிழிகள், சோடா பாட்டிலில் நிற்பது போல. மோதிரத்தை லேசாகச் சாய்த்தால் சிவப்புக்கு நடுவே ஒரு நீல மினுக்கல் ஓடி மறைந்தது. சிவப்புக் கல்லுக்குள் நீலத்துக்கு என்ன வேலை?

விஷயம் இதுதான். உடம்பெல்லாம் வெடிப்பு விழுந்த, நகைக்கே ஆகாத மட்டமான மாணிக்கத்தை எடுத்து, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி அந்த வெடிப்புகளுக்குள் இறக்கிவிடுகிறார்கள். வெடிப்பு மறைந்துவிடும், மங்கிக் கிடந்த கல் பளிச்சென்று ஆகிவிடும். 2004 வாக்கில் சந்தைக்கு வந்த வேலை இது. மோதிரத்தைப் பெரிதாக்க அதை வெட்டி, தங்கம் சேர்த்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள், அப்புறம் கறுப்பு போக அமிலத்தில் போடுவார்கள். மாணிக்கம் அந்த அமிலத்துக்கெல்லாம் அசையாது, கண்ணாடி அசையும். அமிலம் கண்ணாடியை அரித்த தடம்தான் நான் பார்த்த வெள்ளை இழை. "பட்டறை வரைக்கும் எதுக்குத் தாயி, எலுமிச்சம்பழம் பிழியிற கையில போட்டிருந்தாலே நாளாவட்டத்துல இந்தக் கதிதான்" என்றார் பத்தர்.

மூன்று கேரட் மாணிக்கத்துக்கு நான் கொடுத்த விலை ஒன்பதாயிரம் ரூபாய். உண்மையிலேயே நல்ல கல் அந்த எடையில் என்ன விலை என்று பத்தர் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன். ஒன்பதாயிரத்துக்குக் கொடுக்கிறார்களே என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும், மாமியார் பார்த்த ஜோசியர் சொன்ன தேதிக்குள் போட்டாக வேண்டும் என்ற அவசரத்தில் யோசிக்கவில்லை.

ஆக, "ஒரிஜினலா?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. ஒரிஜினல்தான். கேட்க வேண்டிய கேள்வி, "இந்தக் கல்லுக்கு என்ன பண்ணியிருக்காங்க?" என்பது. விலையும் அதில் இருக்கிறது, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

கல்லுக்குச் செய்கிற எல்லாமே மோசடி என்று நினைத்துவிடாதீர்கள், நானும் ஒரு வாரம் அப்படித்தான் நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம்தான், குருந்தம். இங்கிலீஷில் கொரண்டம் என்கிறார்களே, அந்தப் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனதுதான். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இந்தக் கல்லில் துளி குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். இதைச் சூளையில் வைத்து நன்றாகச் சூடுபடுத்தினால் நிறம் எடுக்கும். இலங்கையில் பால் மாதிரி வெளுத்துக் கிடந்த கற்களை யாரும் சீந்தாமல் இருந்த காலத்தில், 1970-களில் தாய்லாந்துக்காரர்கள் அவற்றை வாங்கிச் சுட்டு நல்ல நீலமாக்கி விற்றார்கள். இன்றைக்குக் கடையில் இருக்கும் பெரும்பாலான நீலமும் மாணிக்கமும் சுட்டவைதான். சுட்ட நிறம் போகாது, அதைத் தனியாகப் பராமரிக்க ஒன்றும் வேண்டாம். சுடாத கல்லில் சில சமயம் உள்ளே மெல்லிய பட்டு நூல் மாதிரி ஊசிகள் தெரியும், நல்ல சூட்டில் அவை கரைந்துபோகும். பட்டு கலையாத நல்ல நிறக் கல்லுக்கு விலை எங்கேயோ போய்விடும். அதாவது கல்லுக்குள் ஒன்றுமே இல்லாமல் துல்லியமாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

சரி, வந்தது வந்தோம் என்று அப்பத்தாவின் ஏழுகல் தோட்டையும் மறுநாள் எடுத்துப் போனேன், அம்மாவும் கூட வந்தார். தாத்தா காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப் பார்த்தவர், பர்மாவிலிருந்து வந்த கல் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். பர்மா மாணிக்கத்துக்கு ஏன் அவ்வளவு பேர் என்பதற்குக் காரணம் உண்டு. மோகோக் பக்கம் அது சலவைக்கல் பாறையில் விளைவது, அதில் இரும்பு மிகக் குறைவு. இரும்பு இல்லாவிட்டால் குரோமியம் வெயிலில் தானாகவே சிவப்பாக ஒளிரும், அதனால்தான் அந்தக் கல் தணல் மாதிரி இருக்கும். இரும்பு அதிகமுள்ள கல்லில் அந்தத் தணல் அவிந்துவிடும்.

ரெண்டு தோட்டிலும் சேர்த்துப் பதினான்கு கல். பத்தர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார், அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று நல்ல கல். ஒன்று வெறும் கண்ணாடி, எப்போதோ விழுந்த இடத்தில் யாரோ வைத்தது, அதன் பட்டை விளிம்பெல்லாம் மழுங்கியிருந்தது. மீதி இரண்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கல்லுக்குள் மெலிசான வளைகோடுகள், பழைய கிராமபோன் தட்டில் இருக்குமே, அந்த மாதிரி. இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடு நேராகத்தான் ஓடும், வளையாது. இது தீயில் உருக்கி வளர்த்த செயற்கைக் கெம்பு. வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் 1902-லேயே வழிமுறையை வெளியிட்டுவிட்டார், அதற்குப் பிறகு செய்த எந்தப் பழைய நகையிலும் இது இருக்கலாம். பாட்டி காலத்து நகை என்றாலே எல்லாம் இயற்கைக் கல் என்று நினைப்பது நம் ஆசை.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இங்கிலாந்து அரச கிரீடத்தில் நடுவில் இருக்கும் பெரிய சிவப்புக் கல்லையே பல நூறு வருடம் மாணிக்கம் என்று நினைத்திருந்தார்கள், கடைசியில் அது ஸ்பினெல் என்று வேறு கல்லாம் என்று சொன்னேன். "ராசா வீட்டையே ஏமாத்திருக்காய்ங்க, நம்ம எம்மாத்திரம்" என்று கொஞ்சம் தேறினார்.

இதெல்லாம் மதுரைக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதையில் கோவலன் இந்த ஊரின் ரத்தினக் கடைத்தெருவைத்தான் சுற்றிப் பார்க்கிறான், அங்கே வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று குற்றத்தைப் பெயர் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதரே வியாபாரியாக வந்து மாணிக்கம் விற்கிறார். அவரிடம் யாரும் சர்டிஃபிகேட் கேட்கவில்லை, நாம் கேட்கலாம்.

கேட்பது என்றதும் ஞாபகம் வருகிறது. நகையில் ஹால்மார்க் இருக்கிறது, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு இருக்கிறது, அப்புறம் என்ன என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருத்தி. அது தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. கல்லுக்குத் தனியாக ஆய்வகச் சான்று வேண்டும், அதில் சூடு, எண்ணெய், கண்ணாடி என்று என்ன செய்திருக்கிறார்கள் என்பது எழுதியிருக்க வேண்டும். பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாக, கல் எடை தனியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கல்லையும் தங்க விலைக்கு நிறுத்து வாங்கிவிட்டு, திருப்பி விற்கப் போகும்போது கல்லைக் கழிக்கிறார்களே என்று அழுதவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

கடை வெளிச்சத்தில் கல்லை முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் எந்த மாணிக்கமும் மகாராணி மாதிரி இருக்கும். வாசலுக்குக் கொண்டுவந்து, நேர் வெயிலில் இல்லாமல் நிழலில் நின்று பாருங்கள். விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் எனக்கு வேலை இல்லை. கட்டாத கல்லாக இருந்தால் அச்சடித்த காகிதத்தின் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள், நடுவில் எழுத்து படிக்க முடிந்தால் பட்டை சரியாகத் தீட்டவில்லை என்று அர்த்தம், வெளிச்சம் திரும்பி வராமல் கீழே ஒழுகிவிடுகிறது. எடையைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். மரகதம் மாணிக்கத்தைவிட லேசானது, ஒரு கேரட் மரகதம் ஒரு கேரட் மாணிக்கத்தைவிடப் பெரிதாகத் தெரியும், இரண்டுமே அதே 200 மில்லிகிராம்தான் என்றாலும்.

மரகதம் என்றாலே பத்தருக்குப் பயம். அதற்குள் இயல்பாகவே வெடிப்பு இருக்கும், அது தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றுவார்கள், தேவதாரு எண்ணெய் ரொம்ப காலமாகப் பழக்கத்தில் இருப்பது. இது வியாபாரத்தில் ஒத்துக்கொண்ட விஷயம்தான், எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆனால் இந்தக் கல்லை வெந்நீரில் போட்டாலோ, கடைகளில் இலவசமாகக் கழுவித் தருகிறோம் என்று அதிரும் தொட்டியில் போட்டாலோ எண்ணெய் வெளியேறிவிடும், வெடிப்பெல்லாம் பல்லைக் காட்டும். அம்மாவின் பச்சைக்கல் மோதிரம் இப்போது கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது. திரும்ப எண்ணெய் ஏற்றலாமாம், நல்லவேளை.

வீட்டில் கழுவுவதாக இருந்தால் முதலில் நகையைத் திருப்பிப் பாருங்கள். கல்லுக்குப் பின்னால் திறந்திருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு போட்டு, குழந்தைகள் பிரஷ்ஷால் பின்பக்கமாக மெல்லத் தேய்த்தால் போதும். தோட்டின் ஒளி மங்குவதற்குப் பாதிக் காரணம் தலைக்கு வைக்கும் எண்ணெய் அங்கே போய் ஒட்டிக்கொள்வதுதான். கண்ணாடி ஏற்றிய கல், எண்ணெய் ஏற்றிய கல் என்றால் ஊறவைக்கவே கூடாது. பின்பக்கம் மூடிய பழைய கட்டாக இருந்தால் தண்ணீரே ஆகாது, ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். உள்ளே கல்லுக்கடியில் பளபளப்புக்காகத் தகடு வைத்திருப்பார்கள், தண்ணீர் இறங்கினால் அது கறுத்துவிடும். நான் இதை அப்பத்தாவின் அட்டிகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கற்றுக்கொண்டேன். காலையில் எடுத்தால் மூன்று சிவப்புக் கல் நாவல் பழம் மாதிரி இருந்தது. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, கட்டைப் பிரித்துத் தகடு மாற்ற வேண்டியிருந்தது.

முத்தும் பவளமும் கல் ஜாதியே இல்லை, சுண்ணாம்பு ஜாதி. புளிப்பு, வியர்வை, சென்ட் எதுவும் ஆகாது. அலங்காரமெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல், அதனால் வீட்டில் உண்மையான மன்னார் வளைகுடா முத்து யாரிடமாவது இருந்தால் அதை விபூதி போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள். என் அம்மா எல்லா நகையையும் விபூதியிலோ பல்பொடியிலோதான் தேய்ப்பார், இன்னும் நிறுத்தவில்லை. அப்புறம், எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள், வைரம் மற்ற எல்லாக் கல்லையும் கீறும், மாணிக்கம் மரகதத்தைக் கீறும்.

செயற்கைக் கெம்பு இரண்டையும் மாற்றவில்லை. கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டு ஒரு சின்ன கல் வைத்துத் தந்தார் பத்தர், அது சுட்ட கல் என்று ஒரு துண்டுச்சீட்டில் அவரே எழுதியும் கொடுத்தார்.

போன வாரம் நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக வேறொரு கடைக்குப் போயிருந்தோம். நீலக்கல் வைத்த ஒரு நெக்லஸ் அழகாக இருந்தது. விற்கிற பையனிடம், "இந்தக் கல்லுக்கு என்ன பண்ணியிருக்காங்க தம்பி?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் மேடம், உள்ள கேட்டுட்டு வந்துடறேன் என்று போனான். ஐந்து நிமிடம் கழித்து ரெண்டு கப் காபியோடு வந்தான்.