குழாய், கொப்பி, கடிதம்: சத்திரசிகிச்சைக்குப் பின்னான என் ஒரு மாதம்

கொழும்புப் பக்கம் உள்ள ஒரு வைத்தியசாலையில், மார்பகப் புற்றுநோய்க்காக வலது மார்பகத்தையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் அகற்றிய பின், காயத்தில் ஊறும் நீரை வெளியேற்ற விலாவில் செருகிய குழாயோடும் அதன் நுனியில் தொங்கிய போத்தலோடும் உப்புவெளியில் உள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கே மருந்து கட்டுவதற்காக ஓட்டோ பிடித்து ஊர் வைத்தியசாலைக்குப் போனோம். “இண்டைக்குப் போயா அம்மா, அவசரம் எண்டா மட்டும்தான்” என்று வாசலில் நின்ற காவலாளி சொன்ன பிறகுதான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று விரல்விட்டு எண்ணிய நானும் என் கணவரும் நாட்காட்டியைப் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது. குலுங்கிக் குலுங்கிப் போய், குலுங்கிக் குலுங்கியே திரும்பினோம்.

மறுநாள் வேறொரு தடை காத்திருந்தது. பதிவு மேசையில் இருந்த எழுத்தர், சத்திரசிகிச்சை செய்த இடத்திலிருந்து கடிதம் இல்லாமல் மருந்து கட்டும் அறைக்குத் துண்டு தர முடியாது என்றார். என்னிடம் இருந்தது, நோயையும் செய்த சிகிச்சையையும் எழுதிக் கொடுத்த டயக்னோசிஸ் காட் மட்டும்தான். கடிதத்தை விடுதியிலேயே கோப்புக்குள் வைத்துவிட்டார்கள் போலும். புறப்படும் அவசரத்தில் நாங்களும் கேட்கவில்லை. இருமுபவர்களுக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் நடுவே, ஆறாத காயத்தோடு இரண்டரை மணித்தியாலம் வாங்கில் இருந்தேன். அவ்வழியாக வந்த தலைமைத் தாதி காட்டை வாங்கிப் பார்த்து, “இதிலயே எல்லாம் எழுதிக் கிடக்குதே” என்று சொல்லி உள்ளே அழைத்துப் போயிருக்காவிட்டால் அன்றும் வீணாகியிருக்கும். வெளியூரில் சத்திரசிகிச்சை செய்துகொள்கிறவர்கள் விடுதியை விட்டு இறங்குமுன் ஊர் வைத்தியசாலைக்கான கடிதத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குறையெல்லாம் மற்றவர்களுடையது என்று எழுதினால் அது நேர்மையாகாது. சத்திரசிகிச்சைக்கு முந்தைய மாலை, யாரும் சொல்லாமலே, சுத்தமாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிளேட்டால் அக்குளை மழித்துக்கொண்டு போனேன். அதைக் கண்ட தாதி கடிந்துகொண்டார். பிளேட் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. கிருமிகள் அவற்றில் குடியேறும். அதனால் முடியை அப்படியே விட வேண்டும், அகற்றித்தான் ஆகவேண்டுமென்றால் இயந்திரக் கத்தரியால் மட்டும் வெட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்வதைப் பின்னர் மகள் தேடி வாசித்துக் காட்டினாள். சவர்க்காரம் போட்டுக் குளித்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. நான்காம் நாள் விடுவித்தார்கள். போத்தலைப் பார்த்துக்கொள்ளும் முறையைத் தாதி சிங்களத்தில் விளக்கினார். என்னுடைய சிங்களமோ சந்தையில் மீன் விலை கேட்கும் அளவுக்கு மேல் போகாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஹற்றன் பெண் மொழிபெயர்த்தார். நான் வெட்கத்தை விட்டு, “ஒருக்கா நானே செய்து காட்டுறன், பிழை எண்டா சொல்லுங்க” என்று கேட்டு, தாதியின் கண்முன்னே போத்தலை வெறுமையாக்கி, அமுக்கி, மூடிக் காட்டினேன். தலையாட்டிவிட்டு வந்திருந்தால் வீட்டில் தடுமாறியிருப்பேன். கையைச் சவர்க்காரத்தால் முக்கால் நிமிடமாவது கழுவ வேண்டும்; போத்தலின் வாய் அளவுக் கிண்ணத்திலோ விரலிலோ படக்கூடாது; காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டே மூட வேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சாது; போத்தல் எப்போதும் காயத்துக்குக் கீழேதான் தொங்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் இந்த இவ்வளவையும் வீட்டில் செய்யப்போவது நோயாளிதான் என்பதை முன்கூட்டி யாரும் சொல்வதில்லை.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் நாள், நேரம், வந்த நீரின் அளவு, நிறம், உடல் வெப்பம், காலையில் இரத்தத்தில் உள்ள சீனி அளவு என்று கோடு போட்டு எழுதத் தொடங்கினேன். முதலில் இரத்தச் சிவப்பாக வந்தது, பிறகு வெளிர்ச்சிவப்பாகி, வைக்கோல் மஞ்சளுக்கு மாறியது. அளவும் 120, 90, 70, 55 மில்லிலீற்றர் என்று இறங்கியது. அந்தக் கணக்கைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பரீட்சையில் தேறிய பிள்ளையின் மகிழ்ச்சி.

மருந்து கட்டும் அறையில்தான் வாயைத் திறப்பது எவ்வளவு கடினம் என்று விளங்கியது. எனக்கு முன் ஒருவரின் கால் புண்ணுக்குக் கட்டிய தாதி, அதே கையுறையோடு என் பக்கம் திரும்பினார். நோயாளி கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணும் ஊரில் வளர்ந்தவள் நான், நெஞ்சு படபடத்தது. “கோவிக்காதீங்க மிஸ், எனக்குச் சீனி வருத்தமும் இருக்கு, கையுறையை மாத்திப்போட்டுக் கட்டுவீங்களா?” என்றேன். ஒரு கணம் முறைத்தார். ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றி எறிந்து, கை கழுவி, புதியதை அணிந்தார். அன்றைக்குக் கட்டு கொஞ்சம் அழுத்தமாக விழுந்ததென்று இன்னமும் சந்தேகம், இருந்தாலும் கேட்டதற்காக வருந்தவில்லை.

வீட்டில் இருந்த சிக்கல் அன்பால் வந்தது. மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வந்த உறவினர்கள், பஸ்ஸில் வந்த கையோடு கட்டிலில் அமர்ந்து என் கையைப் பிடித்து அழுதார்கள். கணவர் வாசலிலேயே வாளியும் சவர்க்காரமும் வைத்து, வந்தவர்களைக் கை கழுவச் சொன்னதில் ஒரு பெரியம்மாவுக்கு இன்றளவும் மனத்தாங்கல். காயத்தில் மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னவர்களுக்குச் சிரித்தே பதில் சொன்னேன். காயத்தின் மேல் பூச மாமி கொண்டுவந்த திருநீற்றை நெற்றியில் வாங்கிக்கொண்டேன். மைத்துனர் ஒருவர் பார்மசியில் அன்டிபயோட்டிக் குளிசைகள் வாங்கி வந்து, வருமுன் காப்போம் என்று நீட்டினார். சத்திரசிகிச்சைக்குச் சற்று முன் கொடுக்கும் மருந்தே அதற்குப் போதுமென்றும், குழாய் இருக்கிறது என்பதற்காக அதை நாட்கணக்கில் நீட்டிக்கக்கூடாதென்றும் மகள் வாசித்துக் காட்டிய அதே வழிகாட்டியில் இருக்கிறது. வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இவ்வளவு பார்த்தும் ஒன்பதாம் நாள் கிருமி தொற்றிவிட்டது. முதலில் காட்டிக்கொடுத்தது காயமல்ல, சீனி. 140ஐச் சுற்றி இருந்த காலை அளவு, உணவில் எந்த மாற்றமும் இல்லாமல், 230ஐத் தாண்டியது. உடலில் கிருமி புகுந்தால் சீனி ஏறும் என்று கிளினிக்கில் என்றோ கேட்டது நினைவுக்கு வந்தது. மாலையில் போத்தலைப் பார்த்தால் நீர் கலங்கியிருந்தது, அளவும் 95க்கு ஏறியிருந்தது. தையலின் ஓரம் சிவந்திருந்ததால், சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து வைத்தேன். இரவு ஒன்பது மணிக்குச் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரலகலம் பரவியிருந்தது, வெப்பமானி 38.3 பாகை செல்சியஸ் காட்டியது. காட்டில் எழுதியிருந்த விடுதித் தொலைபேசிக்கு ஆறு தடவை அழைத்தோம்; மணி அடித்தது, எடுப்பாரில்லை.

விடியட்டும் என்று இருந்துவிடாமல் அந்த இரவே புறப்பட்டது நல்லதாயிற்று. அவசர சிகிச்சைப் பிரிவின் இளம் வைத்தியர் தொடக்கத்தில், “கொஞ்சம் சிவப்பு இருக்கிறது சாதாரணம்தான்” என்று காலையில் கிளினிக்குக்கு வரச் சொல்லவே பார்த்தார். கொப்பியைத் திறந்து கொடுத்தேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தவர், பேனாக் கோட்டையும் பார்த்துவிட்டு, மூத்த வைத்தியரை அழைத்தார். குழாய் நீரை, என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, அன்றிரவே ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். ஊசி ஏற்ற வலது கையை நீட்டச் சொன்னபோதும், “அந்தப் பக்கம் கணு எடுத்திருக்கு, இடது கையில போடுங்க” என்று நானே சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கை வீங்கும் அபாயம் இருப்பதால், இயன்றவரை அதில் ஊசி குத்தவிட வேண்டாம் என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள்.

பிளேட்டா, சீனியா, கையுறையா, உறவினர் கையா, எது காரணம் என்று வைத்தியரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக் களைத்துவிட்டேன். நான்கு நாள் தங்கி, குளிசையோடு வீடு திரும்பினேன். தொடர்ந்து இரண்டு நாள் 30 மில்லிலீற்றருக்குக் கீழே வந்த பின் குழாயைக் கழற்றினார்கள். காயம் ஆறும்வரை என்று கீமோதெரபி மட்டும் இரண்டு வாரம் தள்ளிப்போனது. அந்த இரண்டு வாரம்தான் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

கடைசியாக மருந்து கட்டப் போன அன்று பதிவு மேசையில் அதே எழுத்தர் இருந்தார். கேட்குமுன்பே, பின்னர் பெற்றுக்கொண்ட கடிதத்தின் பிரதி ஒன்றை எடுத்து நீட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலும் கீழும் பார்த்தவர், முத்திரை தெளிவாக இல்லையே என்றார். பையிலிருந்து இரண்டாவது பிரதியை எடுத்தேன்.