பரண் சைக்கிளைத் தட்டி எடுப்பவர்களுக்கு

பத்துப் பதினைந்து வருஷம் சும்மா கிடந்த சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு மலையேறி, கேரளா பக்கத்து ஆரியங்காவுக்குக் கிளம்பிடாதீங்க. டயர் பக்கவாட்டை அமுக்கிப் பாருங்க, வெடிப்பு தெரிந்தால் டியூபோடு சேர்த்து மாற்றணும். பிரேக் கட்டை கல்லாய் இறுகியிருக்கும். உப்புத்தாளில் தேய்ப்பதெல்லாம் ஒப்புக்குத்தான், புதுசு போடுங்க. செயினை ஸ்கேல் வைத்து அளங்க: புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 12⅛ வந்தால் செயின் போச்சு, அநேகமாகப் பின்சக்கரத்துப் பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீளணும், அதுதான் சீட்டு உயரம்.

முதல் இரண்டு வாரம் மலையேறாமல் செங்கோட்டை, புளியரை வரை போதும். சாரலில் நனைந்த ஸ்டீல் ரிம்மில் பிரேக் லேசில் பிடிக்காது. அதனால் ஆரியங்காவு மலைப்பாதையின் எஸ் வளைவு இறக்கத்தில் இறங்கி உருட்டிக்கிட்டே வாங்க. லாரிக்காரர் சிரித்தால் சிரிச்சுட்டுப் போகட்டும்.