கொல்கத்தால எதை எத்தனை மணிக்கு சாப்பிடணும்

கொல்கத்தா போறேன்னு சொன்னதும் ஆளாளுக்கு ரீல்ஸ் அனுப்பினாங்க, அந்த கடை இந்த கடைன்னு, எல்லாத்தையும் சேவ் பண்ணி வெச்சேன், ஒன்னைக்கூட அப்புறம் திறக்கல. காரணம் கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல எதிர் சீட்டுல வந்த ஒரு பெங்காலி பெரியவர். வீட்டம்மாவுக்கு வேலூர் சிஎம்சில செக்கப் முடிச்சுட்டு ஊர் திரும்பிட்டு இருந்தார். வேலூர் போனவங்களுக்கு தெரியும், ஆஸ்பத்திரிய சுத்தி நிறைய போர்டு பெங்காலில இருக்கும், மீன் குழம்பு சோறு போடற பெங்காலி ஹோட்டலே இருக்கு. வருஷா வருஷம் வர்றதால அவருக்கு "எவ்வளவு", "காரம் வேணாம்" ரெண்டும் சுத்தமா தமிழ்ல வருது, மத்தபடி இங்கிலீஷும் ஹிந்தியும் கலந்து பேசிக்கிட்டோம்.

சென்னைல இருந்து ஹவுரா பக்கத்து ஷாலிமார் வரைக்கும் 1,660 கிலோமீட்டர் கிட்ட, ஒரு நாளைக்கு மேல ஓடற வண்டி. "எந்த கடை நல்லாருக்கும் அங்கிள்?"னு நான் கேட்டேன். அவர் திருப்பி "எத்தனை மணிக்கு?"னு கேட்டார். அப்புறம் மருந்து கவர திருப்பி வெச்சு இடது பக்கம் நேரம், வலது பக்கம் சாப்பாடுன்னு எழுதி குடுத்தார். கடை பேரு அதுல ரொம்ப கம்மி.

முதல் வரி ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி, டிரெட்டா பஜார், அதாவது பழைய சைனா டவுன். போத்தார் கோர்ட் பக்கத்துல ரோட்டோரமா ஆவி பறக்க பாவ்னு உள்ள கறி வெச்ச சீன பன், மீன் உருண்டை சூப், ஷுமாய்னு சீன கொழுக்கட்டை எல்லாம் விக்கறாங்க, எட்டு மணி தாண்டினா பெருசா ஒன்னும் மிஞ்சாது. 18ஆம் நூற்றாண்டு கடைசில இருந்தே சீனக்காரங்க இந்த ஊர்ல இருக்காங்க. 1962 போர் சமயத்துல இந்திய சீனர்கள்ல நிறைய பேர ராஜஸ்தான் தியோலி முகாமுக்கு கொண்டுபோய் அடைச்சாங்க, அதுக்கப்புறம் குடும்பம் குடும்பமா கனடா அது இதுன்னு கிளம்பிட்டாங்க. இப்ப விக்கறவங்கள்ல பாதிக்கு மேல சீன முகமே இல்ல. சாப்பாடா பாத்தா சுமார்தான், சூப் மட்டும் அந்த பனில நல்லாருந்துச்சு, ஆனா போய் பாக்க வேண்டிய இடம்.

எட்டு மணிக்கு கொச்சுரி. நம்ம பூரி மாதிரி ஊதி வரும், உள்ள பருப்பு வெச்சிருப்பாங்க, குளிர்காலத்துல பச்சை பட்டாணி. கூட தேங்காய் துண்டு போட்ட கடலைப்பருப்பு, லேசா இனிக்கும். பருப்புல எதுக்குய்யா சர்க்கரைன்னு முதல் வாய்ல தோணும், மூனாவது வாய்ல கேள்வி கேக்க மாட்டீங்க.

மதியம்தான் நான் அசந்தது. பைஸ் ஹோட்டல்னு ஒரு வகை, காசு கணக்குல சாப்பாடு போட்ட காலத்துல வந்த பேரு. பிரெசிடென்சி காலேஜ் (இப்ப யூனிவர்சிட்டி) பக்கத்து சந்துல ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல்னு ஒன்னு இருக்கு, நேதாஜி அங்க சாப்பிட்டதா சொல்றாங்க. வாழை இலைல சோறு, சந்தோஷமா உக்காந்தா இலைக்கு தனி காசு! எலுமிச்சை துண்டுக்கும் தனியா கணக்கு போடுவாங்க. நம்ம ஊர்ல இலைக்கு காசு கேட்டா கடை இருக்குமா?

அதவிட முக்கியம் வரிசை. நாம எல்லாத்தையும் இலைல வெச்சுட்டு நம்ம இஷ்டத்துக்கு ஆரம்பிப்போம். அங்க முதல்ல கசப்பு, சுக்தோன்னு பாவக்காய் போட்ட காய்கறி, அப்புறம் பருப்பும் பொரியலும், அப்புறம் மீன், கடைசில இனிப்பு சட்னியும் அப்பளமும், அதுக்கப்புறம் ஸ்வீட். "சட்னிய முதல்லயே தொட்டா சர்வர் உன்ன ஒரு மாதிரி பாப்பான்"னு பெரியவர் சொல்லி அனுப்பினார். தக்காளி பேரீச்சம்பழம் போட்ட அந்த சட்னிய எப்ப தொட்டாலும் எனக்கு ஒத்துவரல, அது வேற விஷயம். அப்புறம் "ஜனவரில இலிஷ் கேக்காத, ஐஸ்ல கிடந்ததுதான் வரும், அது மழைக்காலத்து மீன்"னு சொல்லியிருந்தார். அதனால கடுகு அரைச்சு விட்ட வேற மீன் வாங்கினேன், மூக்குல ஏறி கண்ணுல தண்ணி வந்துருச்சு, சோறு ரெண்டு தடவ கேட்டு வாங்கினேன்.

மூனு மணி வெயிலுக்கு காலேஜ் ஸ்குவேர் பாரமவுண்ட். 1918ல ஆரம்பிச்ச சர்பத் கடை. டாப் சர்பத்துன்னு இளநீ, வழுக்கை, ஐஸ் போட்டு தர்றாங்க, விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் சொல்லிக்குடுத்த பக்குவம்னு பேச்சு. பொள்ளாச்சிக்காரி நான், இளநீ விஷயத்துல அவ்வளவு லேசுல பாராட்ட மாட்டேன், இத பாராட்டறேன்.

சாயங்காலம் ஃபுச்கா, நம்ம பானிபூரியோட பெங்காலி தங்கச்சி. தண்ணில புளியும் கொந்தராஜ் எலுமிச்சை வாசனையும் இருக்கும், இனிப்பு சட்னி கிடையாது. கடைசில தண்ணி ஊத்தாம ஒன்னு சும்மா தருவாங்க, அத கேட்டு வாங்கறது உரிமை, கூச்சப்படாதன்னு கவர்லயே எழுதியிருந்தது.

ராத்திரி பிரியாணி. லக்னோவ தலைநகரா வெச்சிருந்த அவத் ராஜ்ஜியத்த இங்கிலீஷ்காரன் புடுங்கின 1856ல நவாப் வாஜித் அலி ஷா இங்க மெட்டியாபுருஸுக்கு வந்து சேந்தார், கூடவே சமையக்காரங்களும் வந்தாங்க. இங்க வந்துதான் உருளைக்கிழங்கு சேந்துச்சு. கைல காசு இல்லாம கறிக்கு பதிலா போட்டதுன்னு ஊர்ல சொல்றாங்க, நவாப் வழி வந்தவங்க இல்லவே இல்ல, அப்ப கிழங்கு புதுசு அதனால போட்டதுன்னு சண்டைக்கு வர்றாங்க. திண்டுக்கல் பிரியாணி நாக்குக்கு காரமே தெரியாது, தாளிச்சா வேற கிடையாது, ஆனா கறி சாறுல ஊறின அந்த முழு கிழங்கு இருக்கே, அதுக்காகவே மறுநாளும் போனேன். "கிழங்கு பெருசா வைங்க தாதா"ன்னு சொன்னா வெக்கறாங்க, தாதான்னா பெங்காலில அண்ணன்.

குளிர்காலத்துல போறவங்களுக்கு ஒன்னு. நொலேன் குர்னு ஈச்ச மரத்து புது வெல்லம், நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான், அதுல செஞ்ச சந்தேஷ்ங்கற பால் ஸ்வீட்ட எந்த நேரத்துலயும் சாப்பிடலாம், கவர்ல நேரம் போடாத ஒரே ஐட்டம் அதுதான். ஊருக்கு பார்சல் வாங்கணும்னா கிளம்பற அன்னைக்கு வாங்குங்க, ரெண்டு நாள்ல கெட்டுரும். மாமியாருக்கு டப்பால அடைச்ச ரொசகொல்லா போதும்.