மாமியார் வீட்டுத் தாய்ப்பத்திரம்

மெய்ன் மாநிலத்தில் இருந்த வீட்டை விற்றுவிட்டு என் மாமியார் எங்களோடு மாசசூசெட்ஸில் குடியேறியபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவும் கூடவே வந்தது. உள்ளே நான்காக மடித்த ஒரு தட்டச்சுத் தாள். 1930களில் அவருடைய தாத்தாவின் பங்காளி ஒருவர் யாருக்கோ பணம் கொடுத்துத் தயாரித்த வம்சாவளி. அடியில் மாமியாருடைய அப்பாவின் பெயர். அங்கிருந்து பன்னிரண்டு படி ஏறினால் உச்சியில் ஜான் ஹௌலண்ட்.

1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பயணிகளில் ஒருவர் ஹௌலண்ட். வழியில் புயலில் கடலுக்குள் விழுந்து, தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த பாய்க்கயிற்றைப் பிடித்துப் பிழைத்தவர். அந்தக் கயிறு கைக்கு எட்டியிருக்காவிட்டால் தானும் இல்லை, தன் மகனும் இல்லை, இவளுக்குக் கல்யாணமும் இல்லை என்று என்னைக் காட்டி விருந்தாளிகளிடம் சொல்வது மாமியாரின் வழக்கம். எண்பது வயதைத் தாண்டியவர். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் இரண்டு தடவை கேஸ் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். அதிலிருந்து என் கணவர் அவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. வேறு வேலை இல்லாத கோபமோ என்னவோ, ஒருநாள் தாளை என்னிடம் நீட்டினார். “இது நிஜந்தானான்னு நான் இருக்கும்போதே பார்த்துச் சொல்லிடு.”

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. என் அப்பா திருமங்கலத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர். நடப்பு உரிமையாளரில் தொடங்கி, அவருக்கு எழுதிக் கொடுத்தவர் யார், அவருக்கு யார் என்று தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பின்னோக்கிப் போவதுதான் எங்கள் வீட்டுச் சோறு. நடுவில் ஒரு கண்ணி விட்டாலும் வில்லங்கம். மாமியாரின் தாளை வீடியோ அழைப்பில் அப்பாவிடம் காட்டினேன். பத்து விநாடி பார்த்தார். “இது மேலருந்து கீழ எழுதினதும்மா. பெரிய மனுஷன் பேரை மொதல்ல எழுதிட்டு, அப்புறம் வீட்டுக்கு வழி போட்டிருக்கான்.”

அவர் சொன்னது குருட்டு ஊகம் அல்ல. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் இது ஒரு தொழிலாகவே நடந்தது. கஸ்டாவ் அஞ்ஜூ என்றொருவர் வசதியான குடும்பங்களுக்குப் போலி வம்சாவளிகளைத் தயாரித்து விற்றே பிழைத்தவர். 1942-இல் இறந்தார், அவர் கலந்த கலப்படம் இன்னும் புழங்குகிறது. எங்கள் தாள் அவர் கைவேலை அல்ல. ஆனால் எந்தப் படிக்கும் ஆதாரம் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

ஆகவே கீழிருந்து தொடங்கினேன். மாமியார், அவர் அப்பா, தாத்தா வரை பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் அஞ்சலில் வந்துவிட்டன. மெய்னில் மாநிலம் முழுமைக்குமான பதிவு 1892-இல்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான் துணை. 1880 கணக்கெடுப்பில் குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்று இருக்கும். 1850-இல் எல்லோர் பெயரும் இருக்கும், உறவு இருக்காது. அதற்கும் முன்னால் போனால் தலைவர் பெயர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லாம் வெறும் எண்ணிக்கை. 1600களில்தான் திணறுவேன் என்று நினைத்திருந்தேன். திணறியது 1790-இல்.

அந்த ஆண்டுதான் நாட்டின் முதல் கணக்கெடுப்பு. மெய்னில் கோரம் என்ற ஊர். எங்கள் குடும்பப் பெயரோடு, கிறிஸ்தவப் பெயரும் ஒன்றாகவே, இரண்டு பேர் இருந்தார்கள். (பெயர் வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டார்.) ஒருவருக்குப் பக்கத்தில் ‘ஜூனியர்’ என்று இருந்தது. அப்பாவும் மகனும் என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதத்தை வீணாக்கினேன். அந்தக் காலத்து ஜூனியருக்கு மகன் என்று அர்த்தமே கிடையாது. ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வயதில் இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சித்தப்பனும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், பங்காளிகளாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார்.

உயில் கிடைத்தால் தீர்ந்துவிடும். ஆனால் கோரம் இருக்கும் கம்பர்லண்ட் கவுண்டியின் வாரிசு ஆவணங்கள், 1908 ஜனவரியில் போர்ட்லண்ட் நகர மன்றக் கட்டடம் எரிந்தபோது அதோடு போய்விட்டன. அப்பாவிடம் புலம்பினேன். “பேரைப் பார்க்காத, நாலெல்லையப் பாரு. ஒரே பேர்ல ஊருக்கு நாலு கருப்பையா இருப்பான். ஒரே எல்லைக்குள்ள ரெண்டு நிலம் இருக்காது” என்றார்.

பத்திரங்கள் தப்பியிருந்தன. எழுதிக் கொடுத்தவர் பட்டியல் ஒன்று, எழுதி வாங்கியவர் பட்டியல் ஒன்று என்று நம் ஊர் மாதிரியே இரண்டு அட்டவணை. ஃபேமிலிசர்ச் தளத்தில் பக்கங்கள் படமாகவே கிடைக்கின்றன, காசும் இல்லை. குறியிட்ட வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கே இத்தனை ராடு போய், கற்குவியலில் திரும்பி, ஓடை வரை என்று எல்லை சொல்வார்கள். ஒரு ராடு பதினாறரை அடி. இரண்டு மாதம் ராத்திரிகளில் உட்கார்ந்து அந்தக் குடும்பப் பெயருள்ள எல்லாப் பத்திரங்களின் எல்லைகளையும் நோட்டில் வரைந்தேன். 

அப்படிக் கிடைத்ததுதான் 1770களின் விடுதலைப் பத்திரங்கள். காலஞ்சென்ற தகப்பனார் வழியில் எனக்குப் பாத்தியப்பட்ட எட்டில் ஒரு பங்கு என்று பிள்ளைகள் ஒவ்வொருவராக விற்றிருக்கிறார்கள். மகள்களுக்குப் பதில், மனைவியின் பாத்தியதையில் என்று மருமகன்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒரு மகள் மட்டும் தானும் கூடவே கீறல் போட்டிருக்கிறாள், ஒரு பெருக்கல் குறி. எண்ணிப் பார்த்தால் வாரிசுகள் ஏழு பேர்தான். எட்டாவது பங்கு யாருக்கு?

விடை சட்டத்தில் இருந்தது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. பைபிளின் உபாகமத்திலிருந்து எடுத்து, 1641-லேயே மாசசூசெட்ஸ் எழுதிவைத்த விதி, 1789-இல்தான் எடுத்தார்கள். மெய்ன் 1820 வரை மாசசூசெட்ஸின் பகுதி என்பதால் அதே சட்டம்தான். 1798-இல் எங்கள் ஆள் தன் மகனுக்கு எழுதிய பத்திரத்தில், ‘என் தகப்பனாரிடமிருந்து இரட்டைப் பங்காக எனக்கு வந்த’ என்று தாய்ப்பத்திர வரலாறு இருந்தது. அதே வெள்ளை ஓக், அதே ஓடை. மூன்று தலைமுறை ஒரே இரவில் ஒட்டிக்கொண்டது. விடிகாலை மூன்று மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன், அங்கே மதியம்.

கோரம் நிலம் எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. 1675 டிசம்பரில் நாரகான்செட் என்ற பூர்வகுடி மக்களின் சதுப்புநிலக் கோட்டையைத் தாக்கப் போன வீரர்களுக்கு நிலம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாக்குதலில் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். வாக்கு நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1730களில் ஏழு ஊர்களைப் பிரித்துக் கொடுத்தபோது வீரர்களில் பலர் மண்ணுக்குள். அதனால் ‘இன்னார், தன் தகப்பனுக்காக’, ‘இன்னார், தன் தாத்தாவுக்காக’ என்று பட்டியல் எழுதினார்கள். ஏழாவது ஊர்தான் கோரம். எங்கள் ஆள் தாத்தாவுக்காக வாங்கியவர். வாரிசுச் சான்றிதழ் மாதிரி ஒரே வரியில் மூன்று தலைமுறை. நான் குதித்தேன். அப்பா மட்டும், “அதுக்கு முன்னாடி அந்த நெலம் யாரு பேர்ல இருந்துச்சு?” என்றார். அபெனாக்கி என்ற பூர்வகுடி மக்களுடையது என்றேன். “அவங்க எழுதிக் குடுத்தாங்களா?” கோரம் எல்லைக்குள் அப்படியொரு பத்திரம் என் கண்ணில் படவில்லை.

அந்தப் பட்டியலில் பலர் மாசசூசெட்ஸின் கேப் காட் பகுதிக்காரர்கள், எங்கள் குடும்பமும் பார்ன்ஸ்டபிள் ஊர். அங்கேயும் தீ. 1827-இல் நீதிமன்றக் கட்டடத்தோடு பத்திரப் புத்தகங்கள் போயின. இந்தத் தடவை உயில்கள் தப்பின. ஒரு ஊரில் பத்திரம், இன்னொரு ஊரில் உயில் என்று மாறி மாறிப் பிழைத்திருப்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

பழைய கையெழுத்துக்குப் பழக மூன்று வாரம். ஆங்கில ‘e’ தலைகீழாக இருக்கும், ‘s’ தூண் போல நிற்கும். புள்ளி வைக்காத ஓலையைத் தாத்தா வாசித்ததை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அதைவிடப் படுத்தியது தேதி. 1646 ஏப்ரலில் கல்யாணம், 1646 பிப்ரவரியில் மூத்த பிள்ளை. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: அன்றைய ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறப்பது மார்ச் 25-இல். சித்திரையில் ஆண்டு பிறக்கும் ஊர்க்காரிக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா? அந்த பிப்ரவரி, நம் கணக்குக்கு 1647. கல்யாணமாகிப் பத்து மாதம் கழித்துத்தான் பிள்ளை.

உறவுச் சொற்களும் கவிழ்த்தன. அந்தச் சதுப்புநில வீரரின் உயிலில் ‘மதர்-இன்-லா’ என்று இருந்தது. அவர் மனைவியின் அம்மாவைத் தேடி அலைந்தேன். அப்போது அந்தச் சொல் சித்தியையும் குறிக்கும், அப்பாவின் இரண்டாம் தாரத்தை. இதைக் கேட்டு மாமியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஹௌலண்ட் விஷயத்துக்கு வருகிறேன். தாளின்படி, கோரமுக்குப் போனவரின் அம்மா ஹௌலண்டின் கொள்ளுப்பேத்தி. பார்ன்ஸ்டபிளில் அந்த அம்மாள் இருந்தது உண்மை. கணவர் பெயரும் சரி. ஆனால் அதே பெயரில் பங்காளி இருவர். அந்த அம்மாளின் மாமனார் எழுதிய உயில் இருக்கிறது. அவர் சதுப்புநில வீரரின் அண்ணன். எங்கள் ஆளோ நிலம் வாங்கியது வீரரான தாத்தாவுக்காக. ஆக அது அண்ணன் வழி, எங்களுடையது தம்பி வழி. தாளைத் தயாரித்தவர் பெயரைப் பார்த்தார், எல்லையைப் பார்க்கவில்லை.

அந்த அண்ணன் தம்பிகளின் அப்பாதான் கடல் கடந்தவர். ஆயுதம் தாங்கத்தக்க, 16 முதல் 60 வயது ஆண்கள் என்று பிளிமத் குடியேற்றம் 1643-இல் எடுத்த பட்டியலில் பார்ன்ஸ்டபிள் ஊருக்குக் கீழே இருக்கிறார். 1640-க்குள் நியூ இங்கிலாந்துக்கு வந்த சுமார் 20,000 பேரில் ஒருவர். எந்தக் கப்பல், இங்கிலாந்தில் எந்த ஊர் என்று ஒரு துப்பும் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மாமியாரிடம் சொன்னபோது முகம் விழுந்துவிட்டது. “அப்போ கயிறு?” என்றார். கயிறு அண்ணன் வீட்டுடையது என்றேன். சமாதானத்துக்காக, கோரமுக்குப் போனவரின் அம்மாவுக்கு, அதாவது உண்மையான அம்மாவுக்கு, விதவையின் மூன்றிலொரு பங்காக ஒதுக்கிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினேன். கிழக்குப் பக்கத்து முன்னறை, நிலவறையில் மூன்றில் ஒன்று, கிணற்றுக்கும் ரொட்டி சுடும் அடுப்புக்கும் ஆயுள்வரை தடையின்றிப் போய்வரும் பாத்தியம். “மறுபடி படி” என்றார். படித்தேன். “பெரிய எழுத்தில அச்செடுத்துக் கொடு.”

மறுநாள் காலை ரொட்டி கருகும் வாடை கேட்டு நான் கீழே ஓடினேன். குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் அடியில் அந்தத் தாள். அடுப்பருகே மாமியார். என் கணவர் நைட்டியைப் போல நீண்ட சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு, வாசித்துக்கொண்டிருந்தார்.